கைக்கு ஏற்ற ஸ்பேனர், காசுக்கு ஏற்ற ஸ்பேனர்

(தொழிற்பயிற்சி முடித்த இளைஞர்களுக்குக் கருவிப் பெட்டி வழங்கும் நிகழ்ச்சியில் நமது டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

 

அல்லாஹ்வின் அருளால் இன்று பன்னிரண்டு தம்பிகள் தங்கள் சொந்தக் கருவிகளோடு வேலைக்குப் போகிறார்கள். டூவீலர் மெக்கானிக் வேலை கற்றவர்கள் ஆறு பேர், பிளம்பிங் கற்றவர்கள் மூன்று பேர், ஏசி வேலை கற்றவர்கள் மூன்று பேர். மேடையில் இருக்கும் பெட்டிகளைப் பார்த்த சிலர், கூட்டம் தொடங்கும் முன்பே எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "கடையில் நூற்றைம்பது சாமான் அடங்கிய பெரிய பெட்டி இதே விலைக்குக் கிடைக்கிறதே, நீங்கள் ஏன் இத்தனை சின்னப் பெட்டியாக வாங்கினீர்கள்?" என்பதுதான் அது. நியாயமான கேள்வி. கேட்டவர்களின் பணமும் இதில் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்வது நம் கடமை. அந்தப் பதிலே இன்றைய பேச்சு.

ஸ்பேனரைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேச என்ன இருக்கிறது என்று தாய்மார்கள் நினைக்கலாம். உங்கள் மகன் ஒரு நாளில் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் கையில் பிடித்திருக்கப் போவது இதைத்தான். அந்தக் கை வலித்தால் வலிப்பது வீட்டின் வருமானம். ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நபிகளார் பொருத்திக் கொடுத்த கைப்பிடி

அபூதாவூத், இப்னு மாஜா போன்ற ஹதீஸ் நூல்களில் பதிவான ஒரு நிகழ்ச்சியை நம்மில் பலர் ஜும்ஆ பயானில் கேட்டிருப்போம். அன்ஸாரி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். வீட்டில் ஒன்றுமே இல்லையா என்று நபியவர்கள் விசாரித்தார்கள். ஒரு விரிப்பும், தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமும் இருப்பதாக அவர் சொன்னார். அவற்றைக் கொண்டுவரச் செய்து, சபையிலேயே ஏலம் விட்டு, இரண்டு திர்ஹமுக்கு விற்றுக் கொடுத்தார்கள். ஒரு திர்ஹமுக்குக் குடும்பத்துக்கு உணவு வாங்கவும், இன்னொரு திர்ஹமுக்குக் கோடரி வாங்கிவரவும் சொன்னார்கள். அவர் கொண்டுவந்த இரும்புக்குத் தம் திருக்கரத்தாலேயே மரப்பிடியைப் பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்று வரும்படியும், பதினைந்து நாள் கழித்து வந்து பார்க்கும்படியும் அனுப்பினார்கள். அவர் பத்து திர்ஹம் சம்பாதித்துக்கொண்டு வந்தார்.

இந்த நிகழ்ச்சியைச் சொல்லும்போது உழைப்பின் சிறப்பை நாம் சொல்லிவிடுகிறோம், யாசகம் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். அந்தக் கைப்பிடியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இரும்பு மட்டும் இருந்தால் கோடரி ஆகாது. பிடிக்கிற கைக்குத் தக்க பிடி இருக்க வேண்டும். கருவி கொடுப்பவர், அதைப் பிடிக்கப் போகிறவரின் கையை நினைத்துக் கொடுக்க வேண்டும் என்ற பாடத்தையும் இதில் நாம் எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பெட்டிகளை வாங்கும்போது எங்கள் மனதில் இருந்தது அதுதான்.

இன்னொரு விஷயம், இது ஜகாத் பணமும் சேர்ந்தது. தொழில் தெரிந்த ஏழைக்கு அந்தத் தொழிலுக்கான கருவி வாங்கும் அளவுக்கு ஜகாத்திலிருந்து கொடுக்கலாம் என்று ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் சொல்கின்றன. ஹனஃபி மத்ஹபில், பெறுகிறவருக்கே உடைமையாக்கிக் கொடுப்பது நிபந்தனை. ஆகவே உலமாக்களின் ஆலோசனைப்படி, இந்தப் பெட்டிகளை இரவலாகவோ, டிரஸ்டின் சொத்தாகவோ கொடுக்கவில்லை. வாங்கிய நிமிடத்திலிருந்து அவை தம்பிகளின் சொந்தப் பொருள். அப்படிச் சொந்தமாகும் பொருள் ஆறு மாதத்தில் வளைந்து போகும் பொருளாக இருந்தால், ஜகாத் கொடுத்தவரின் நோக்கம் எங்கே நிறைவேறும்?

நூற்றைம்பது சாமானில் எத்தனை வேலை செய்யும்?

பெரிய பெட்டியைத் திறந்து எண்ணிப் பாருங்கள். அதில் பெரும்பகுதி ஸ்க்ரூ டிரைவரில் மாட்டும் சிறு சிறு பிட்டுகள். மிச்சத்தில், பஞ்சர் கடைக்கும் வேண்டாத, ஒர்க்ஷாப்புக்கும் வேண்டாத நம்பர்கள் நிறைய. தினமும் கைக்கு வரும் நம்பர்கள் கொஞ்சம்தான்.

நம் ஊரில் ஓடும் பைக்குகளில் பெரும்பாலானவை ஜப்பானிய வடிவமைப்பைப் பின்பற்றி வந்தவை. அந்த முறையில் ஆறு மில்லி போல்ட்டுக்குத் தலை 8 அல்லது 10, எட்டு மில்லி போல்ட்டுக்கு 12, பத்து மில்லி போல்ட்டுக்கு 14, பன்னிரண்டு மில்லி போல்ட்டுக்கு 17. ஆனால் அதே எட்டு மில்லி போல்ட்டைத் தெருமுனை ஹார்டுவேர் கடையில் வாங்கிப் போட்டால், அதற்குப் பெரும்பாலும் 13 நம்பர் ஸ்பேனர் வேண்டும். ஐரோப்பிய முறையில் தலை ஒரு மில்லி பெரிது. இது தெரியாத பையன் 13 தலையில் 14 ஸ்பேனரைப் போட்டு, தலையை மழுக்கிவிட்டு, முதலாளியிடம் திட்டு வாங்குவான். ஆக ஒரு டூவீலர் மெக்கானிக்குக் கட்டாயம் வேண்டியவை 8, 10, 12, 13, 14, 17. சக்கர அச்சுக்கு 19-உம் அதற்கு மேலும் ஒன்றிரண்டு.

இன்னொன்று, ஒரே நம்பரில் இரண்டு ஸ்பேனர் இருக்க வேண்டும். ஒரு பக்கம் போல்ட் தலையைப் பிடித்துக்கொண்டு மறு பக்கம் நட்டைத் திருகினால்தான் கழலும். பெரிய பெட்டியில் நூற்றைம்பது சாமான் இருந்தும் 12 நம்பர் ஒன்றே ஒன்று இருந்தால், பக்கத்துப் பையனிடம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அதனால் டூவீலர் தம்பிகளின் பெட்டியில் எட்டு ஸ்பேனர் கொண்ட ரிங் ஸ்பேனர் செட் ஒன்று, அதே நம்பர்களில் வாய் திறந்த டபுள் எண்டு செட் ஒன்று வைத்திருக்கிறோம். 6-7, 8-9, 10-11, 12-13, 14-15, 16-17, 18-19, 20-22 என்பது நம் நாட்டில் வழக்கமாகக் கிடைக்கும் செட். இரண்டையும் சேர்த்தால் எல்லா நம்பரும் இரட்டை. இவற்றோடு 8, 10, 12 நம்பரில் டீ ஸ்பேனர், ஒரு ராட்செட், அதற்கு வேண்டிய ஆறு சாக்கெட், ஒரு ஆலன் கீ செட், இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பிளையர். அவ்வளவுதான். பெட்டி சின்னதாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். தூக்கிப் பார்த்தால் கனம் தெரியும்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும் முறை

தம்பிகளே, இந்தப் பெட்டியோடு உங்கள் தேவை முடிந்துவிடாது. இனி நீங்களே வாங்கப் போகிறீர்கள். அப்போது என்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதை அனுபவமுள்ள மெக்கானிக்குகளிடம் கேட்டறிந்து தொகுத்திருக்கிறோம்.

முதலில் பிடி. ஸ்பேனரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் கையால் பாருங்கள். நடுத்தண்டை உள்ளங்கையில் வைத்து, இறுக்கமான நட்டைக் கழற்றுவது போல அழுத்திப் பிடியுங்கள். அரை நிமிடம் பிடித்துவிட்டுக் கையை விரித்துப் பாருங்கள். ஓரம் பதிந்து சிவப்புக் கோடு விழுந்திருந்தால் அந்த ஸ்பேனர் உங்களுக்கு வேண்டாம். மலிவு ஸ்பேனர்களில் தண்டு தகடு போல மெல்லியதாகவும், அச்சில் பிதுங்கிய ஓரம் சரியாகத் தேய்க்கப்படாமலும் இருக்கும். நல்லதில் ஓரங்கள் உருண்டு, தண்டு கொஞ்சம் அகலமாக, கை முழுக்க அழுத்தம் பரவும்படி இருக்கும். கடையில் ஒரு முறை பிடிக்கும்போது இந்த வித்தியாசம் சின்னது. ஒரு நாளில் இருநூறு முறை பிடிக்கும்போது சின்னது அல்ல.

இரண்டாவது நீளம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2004-இல் கைக்கருவி தேர்வு பற்றி ஒரு கையேடு வெளியிட்டது. கைப்பிடி உள்ளங்கையின் அகலத்தைவிட நீளமாக இருக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு உள்ளங்கை அகலம் 10 முதல் 15 சென்டிமீட்டருக்குள் வரும். பிடி அதைவிடக் குட்டையாக இருந்தால் அதன் நுனி உள்ளங்கையின் நடுவில் குத்தும். அங்கேதான் விரல்களுக்குப் போகும் நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கின்றன. பலம் கொடுத்துப் பிடிக்கும் கருவிக்குப் பிடியின் தடிமன் சுமார் 32 முதல் 50 மில்லி வரை இருப்பது நல்லது என்றும் அந்தக் கையேடு சொல்கிறது. ஸ்பேனர் தண்டுக்கு அத்தனை தடிமன் வராது. ராட்செட், ஸ்க்ரூ டிரைவர் வாங்கும்போது இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்.

நீளத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. நட்டைத் திருப்பும் முறுக்கு விசை என்பது நாம் கொடுக்கும் பலத்தையும் பிடியின் நீளத்தையும் பெருக்கி வருவது. 15 சென்டிமீட்டர் ஸ்பேனரில் 20 கிலோ பலம் கொடுத்துக் கழற்றும் நட்டை, 30 சென்டிமீட்டர் ஸ்பேனரில் 10 கிலோ பலத்தில் கழற்றலாம். மீதி 10 கிலோ உங்கள் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் மிச்சம். அதற்காக எல்லாவற்றையும் நீளமாக வாங்கவும் கூடாது. சின்ன போல்ட்டுக்கு நீள ஸ்பேனர் போட்டால் இறுக்கும்போது போல்ட்டே அறுந்துவிடும். சின்ன நம்பருக்குக் குட்டையாகவும் பெரிய நம்பருக்கு நீளமாகவும் ஸ்பேனர் செய்யப்படுவது அதனால்தான்.

மூன்றாவது வாய். கடைக்குப் போகும்போது பாக்கெட்டில் தேயாத புது நட்டு இரண்டு, 10-உம் 14-உம் எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்பேனரில் மாட்டி ஆட்டிப் பாருங்கள். மாட்டவும் கழற்றவும் தேவையான மிகச் சிறிய இடைவெளி இருக்கலாம். கடகடவென்று ஆடினால் வைத்துவிடுங்கள். அந்த ஆட்டம்தான் நாளைக்கு நட்டின் முனையை மழுக்கும். ஸ்பேனர் வழுக்கினால் விரல் முட்டி போய் இன்ஜினிலோ ஃபோர்க்கிலோ மோதும். கை முட்டியில் தோல் உரியாத மெக்கானிக் யாரும் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். விரல் எலும்பு முறிந்து வீட்டில் இருந்தவர்கள் சிரிப்பதில்லை.

வாய் திறந்த ஸ்பேனர் நட்டின் இரண்டு பக்கத்தை மட்டும் பிடிக்கும். ரிங் ஸ்பேனர் சுற்றிலும் பிடிக்கும். ஆகவே இறுக்கமாக இருப்பதை முதலில் ரிங் ஸ்பேனரால் தளர்த்துங்கள். பிறகு வேகமாகக் கழற்ற மற்றது. பன்னிரண்டு மூலை கொண்ட ரிங் இடுக்கான இடத்தில் வசதி, 30 பாகை திருப்பினாலே அடுத்த பிடி கிடைக்கும். துருப்பிடித்த, ஏற்கெனவே முனை தேய்ந்த நட்டுக்கு ஆறு மூலை சாக்கெட்டே நல்லது. ரிங் ஸ்பேனரின் தலை தண்டிலிருந்து மேலே வளைந்து இருப்பதைப் பாருங்கள். அந்த வளைவு உங்கள் விரல் முட்டி உரசாமல் இருக்க விட்ட இடம். வளைவு குறைந்தால் காயம் கூடும்.

நான்காவது இரும்பு. குரோம் வனேடியம் எஃகைக் காய்ச்சி அடித்து, பதமேற்றிச் செய்தது நல்ல ஸ்பேனர். வாய் எளிதில் விரியாது, எளிதில் உடையவும் செய்யாது. ஆனால் மேலே எழுத்து பொறித்திருப்பதால் மட்டும் நம்பிவிடக் கூடாது. எழுத்தை யாரும் பொறிக்கலாம். தயாரிப்பாளரின் பெயரும் நம்பரும் ஆழமாகப் பதிந்திருக்கிறதா, கடைக்காரர் பில் கொடுக்கிறாரா, உடைந்தால் மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். வாய் திறந்த ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2028, ரிங் ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2029 என்று நம் நாட்டிலேயே தர நிர்ணயம் இருக்கிறது. பஞ்சாபின் ஜலந்தர் போன்ற ஊர்களில் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி ஆகும் தரத்தில் ஸ்பேனர் செய்கிறார்கள். நல்ல ஸ்பேனர் என்றால் ஜெர்மனியிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வர வேண்டும் என்பதில்லை. நடுத்தர விலையில் நம் நாட்டுச் சரக்கே பல வருடம் உழைக்கும்.

ஐந்தாவது மெருகு. கண்ணாடி போலப் பளபளக்கும் ஸ்பேனர் மேடையில் அழகாக இருக்கும். ஆயில் கையில் அது மீன் போல நழுவும். மங்கலான வெள்ளி நிறத்தில், கொஞ்சம் சொரசொரப்பாக வருவது பிடிக்க நல்லது. ரப்பர் உறை போட்ட பிடி மெத்தென்று இருக்கும், ஆனால் மலிவான உறை கிரீஸில் ஊறித் தளர்ந்து சுழலத் தொடங்கிவிடும். ஏசி வேலைக்குப் போகும் தம்பிகள் இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் உறை போட்டிருந்தால் ஷாக் அடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். 1000 வோல்ட் என்று குறித்து, அதற்கென்றே சோதித்து விற்கப்படும் கருவி வேறு. மற்ற உறையெல்லாம் கை நோகாமல் இருக்கப் போட்டது, மின்சாரத்துக்கு அல்ல. மெயினை ஆஃப் செய்யாமல் கை வைக்காதீர்கள்.

ராட்செட் வாங்கும்போது உள்ளே எத்தனை பல் என்று கேளுங்கள். 24 பல் என்றால் ஒவ்வொரு பிடிக்கும் 15 பாகை திருப்ப வேண்டும். 72 பல் என்றால் 5 பாகை போதும். இடுக்கில் கை நுழைத்து வேலை செய்பவருக்கு இது பெரிய வசதி. ஆனால் கெட்டியாகப் பிடித்த நட்டை ராட்செட்டால் உடைக்கப் பார்க்காதீர்கள். பல் போய்விடும். முதலில் ரிங் ஸ்பேனர், பிறகு ராட்செட்.

பிளம்பிங், ஏசி தம்பிகளுக்கு

உங்கள் பெட்டிகள் வேறு. பிளம்பருக்குப் பைப் ரிஞ்ச்தான் முதல் கருவி. அதன் பற்கள் கடித்துப் பிடிக்கும், ஒரு திசையில்தான் வேலை செய்யும். குரோம் பூசிய குழாயில் அதைப் போட்டால் பல் தடம் விழுந்து, வீட்டுக்காரரிடம் புதுக் குழாய்க்குப் பதில் சொல்ல வேண்டிவரும். அதற்கு ஸ்க்ரூ ஸ்பேனர் போதும், இடையில் ஒரு துணி வைத்து. மாடி மாடியாக ஏறி இறங்குகிறவர்கள் பிறகு வசதி வரும்போது அலுமினியப் பிடி உள்ள பைப் ரிஞ்ச் வாங்கலாம். எடை நன்றாகக் குறையும், விலை கூடும். தினமும் தூக்குகிறவருக்கு அந்த விலை தகும்.

ஸ்க்ரூ ஸ்பேனரைப் பிடிக்கும் திசையில் ஒரு முறை இருக்கிறது. பலம் முழுவதும் அசையாத தாடையில் விழும்படி பிடித்துத் திருப்ப வேண்டும். அசையும் தாடையில் பலம் விழுந்தால் அது தளர்ந்து வழுக்கும். ஒவ்வொரு முறையும் நட்டில் மாட்டிய பிறகு திருகை இறுக்கிக்கொள்ளுங்கள்.

ஏசி தம்பிகளுக்குப் பித்தளை ஃப்ளேர் நட்டு. கால் இஞ்ச் செம்புக் குழாய்க்கு 17, மூன்றெட்டில் இஞ்ச் குழாய்க்கு 22 என்பது வழக்கமான நம்பர். சரியான நம்பரில் இரண்டு ஸ்பேனர் வைத்து, ஒன்றால் பிடித்துக்கொண்டு மற்றதால் இறுக்குங்கள். பித்தளை மிருதுவானது. அதிக பலம் கொடுத்தால் செம்பின் விரிந்த வாய் நசுங்கி கேஸ் கசியும், இரண்டாம் முறை அந்த வீட்டுக்கு இலவசமாகப் போக வேண்டிவரும்.

கையைக் காப்பது

எவ்வளவு நல்ல ஸ்பேனரானாலும் தவறாகப் பிடித்தால் கை போகும். முடிந்தவரை ஸ்பேனரை உங்கள் பக்கம் இழுங்கள், வெளிப்பக்கம் தள்ளாதீர்கள். இழுக்கும்போது வழுக்கினால் கை காற்றில் வரும். தள்ளும்போது வழுக்கினால் கை இரும்பில் மோதும். தள்ளியே ஆக வேண்டும் என்றால் விரல்களை மடக்காமல், விரித்த உள்ளங்கையால் தள்ளுங்கள்.

ஸ்பேனருக்குப் பின்னால் பைப் மாட்டி இழுக்காதீர்கள், சுத்தியலால் அடிக்காதீர்கள். அது அந்தப் பலத்துக்குச் செய்யப்படவில்லை. துருவுக்கு எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்தால் பாதி வேலை முடிந்துவிடும். பேட்டரி கழற்றும்போது முதலில் நெகடிவ், மாட்டும்போது கடைசியில் நெகடிவ். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

இரவில் விரல் மரத்துப் போகிறது, காலையில் டம்ளர் பிடிக்கக் கை நடுங்குகிறது என்றால் அதை மறைக்காதீர்கள். மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதன் அடையாளமாக அது இருக்கலாம். ஆரம்பத்திலேயே டாக்டரிடம் காட்டினால் ஓய்விலும் சிறு சிகிச்சையிலும் சரியாக வாய்ப்பு அதிகம். தாய்மார்களே, மகன் சோற்றைப் பிசைய கஷ்டப்படுவதை முதலில் பார்ப்பது நீங்கள்தான். அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காசுக் கணக்கு

இனி விலை. ஒரு பேச்சுக்குச் சொல்கிறோம். ஒரு செட் 600 ரூபாய், தினசரி வேலையில் ஒரு வருடம் தாங்கும். இன்னொன்று 1,800 ரூபாய், பத்து வருடம் தாங்கும். முதலாவதை வாங்குகிறவர் பத்து வருடத்தில் 6,000 ரூபாய் செலவழிக்கிறார். மழுங்கிய நட்டு, உரிந்த விரல், திட்டிய கஸ்டமர் இவையெல்லாம் கணக்கில் வராத செலவு. ஏழைக்கு மலிவுப் பொருள் போதும் என்று நாம் நினைக்கிறோம். திரும்பத் திரும்ப வாங்கச் சக்தியில்லாதவருக்குத்தான் நல்ல பொருள் முதல் தடவையே தேவைப்படுகிறது.

அதே நேரத்தில், மாதம் ஒருமுறை சைக்கிள் செயினை இறுக்க வீட்டில் ஒரு ஸ்பேனர் வேண்டும் என்பவருக்கு மலிவுச் செட்டே போதும். அங்கே அதிக விலை கொடுப்பது வீண் விரயம். தினமும் பயன்படுத்தும் நம்பரில் பணத்தைப் போடுங்கள், எப்போதாவது பயன்படுவதில் மிச்சம் பிடியுங்கள். தம்பிகளே, முதலில் தேய்வது 10, 12, 14 இந்த மூன்றும்தான். அவற்றைத் தனித்தனியாகவே வாங்கலாம். செட்டாகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை.

சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தைகளில் பழைய ஸ்பேனர் கிடைக்கும். வாய் விரியாமல், வெல்டு வைக்காமல், தண்டு வளையாமல் இருந்தால் பழையது குறைச்சல் இல்லை. ஆனால் எங்கிருந்து வந்தது என்று தெரியாத சாமான் சந்தேகத்துக்கு இடமான விலையில் வந்தால் விலகிக்கொள்ளுங்கள். திருட்டுப் பொருளில் பரக்கத் இருக்காது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். கருவி வாங்குவதற்காக வட்டிக்கு வாங்காதீர்கள். இந்தப் பெட்டியில் இருப்பதை வைத்து வேலையைத் தொடங்கலாம். வாரக் கூலியில் கொஞ்சம் ஒதுக்கி, மாதம் ஒரு கருவி சேர்த்தால், ஒரு வருடத்தில் பன்னிரண்டு நல்ல கருவி சேர்ந்துவிடும். அவசரமாகப் பெரிய கருவி தேவைப்பட்டால் டிரஸ்டில் வட்டியில்லாக் கடன் இருக்கிறது. வந்து கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அமானிதம்

வேலை முடிந்ததும் துணியால் துடைத்து, எண்ணி, பெட்டியில் வையுங்கள். எண்ணுவது முக்கியம். வண்டியின் உள்ளே மறந்து விட்டுவந்த ஸ்பேனர் ஒரு மனிதரின் உயிருக்கே ஆபத்தாகலாம். உங்கள் பெயரின் முதல் எழுத்தைப் பொறித்துக்கொள்ளுங்கள். பெற்றோர்களே, வீட்டில் எவ்வளவு நெருக்கடி வந்தாலும் இந்தப் பெட்டியை விற்கச் சொல்லாதீர்கள், அடகு வைக்கச் சொல்லாதீர்கள். தொழிலுக்கு வைத்திருக்கும் கருவிகளுக்கு ஜகாத் இல்லை என்று நம் மார்க்கச் சட்டம் அவற்றுக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறது. அவை விற்கும் சரக்கு அல்ல, சம்பாதிக்கும் கை.

உதவி செய்த பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியின் மேல் பெயர் எழுதலாமா என்று இரண்டு பேர் அன்போடு கேட்டார்கள். எழுதவில்லை. தினமும் ஒர்க்ஷாப்பில் திறக்கும் பெட்டி அது. தான் ஜகாத் வாங்கியவன் என்று அந்தத் தம்பி தினமும் நாலு பேருக்குச் சொல்ல வேண்டிவரக் கூடாது. உங்கள் பெயர் எங்கே எழுதப்பட வேண்டுமோ அங்கே எழுதப்பட்டிருக்கும், இன்ஷா அல்லாஹ். அடுத்த வருடம் முழுப் பெட்டி கொடுக்க முடியாதவர்கள் ஒரு ரிங் ஸ்பேனர் செட், ஒரு பைப் ரிஞ்ச், ஒரே ஒரு 12 நம்பர் ஸ்பேனர் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் உங்கள் மகன் கையில் கொடுப்பதாக இருந்தால் எதை வாங்குவீர்களோ அதை வாங்கிக் கொடுங்கள்.

இப்போது தம்பிகள் ஒவ்வொருவராக வந்து, பெட்டியைத் திறந்து, ஒரு ஸ்பேனரைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிடி சரியில்லை என்றால் இங்கேயே சொல்லுங்கள். கடைக்காரரிடம் மாற்றிக் கொடுக்கும் ஏற்பாட்டோடுதான் வாங்கியிருக்கிறோம்.

அல்லாஹ் உங்கள் கைகளுக்கு வலிமையையும், உங்கள் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும், உங்கள் பெற்றோருக்குக் கண் குளிர்ச்சியையும் தருவானாக. கொடுத்தவர்களின் பொருளைத் தூய்மைப்படுத்தி ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.